லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில்

"எந்த மாடி?"

வாசலில் நின்றவனிடமிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது... முடியிலிருந்து, மூக்கு நுனியிலிருந்து, தோளில் தொங்கிய கருவிப் பையின் அடியிலிருந்து. ஓடி வந்திருக்கிறான். நெஞ்சு ஏறி இறங்கியது. கண்கள் மட்டும் நிதானமாக இருந்தன. கருமையான, அகலமான கண்கள். அவை கூடத்தைச் சுற்றி வந்து, படிக்கட்டைப் பார்த்து, இல்லாத ஒரு கதவைத் தேடின.

படிப்பு மையத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கணினி முன்னால் அவள் ஒருத்திதான்.

"எந்த மாடின்னு கேட்டேங்க. லிஃப்ட்ல ஒருத்தங்க மாட்டிக்கிட்டிருக்காங்க. நிறைமாசம். மூச்சு முட்டுதாம்."

இந்தக் கட்டிடத்துக்கு ஒரே ஒரு மாடிதான், அதற்கும் படிதான், லிஃப்டே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தவள்... அப்படியே நின்றுவிட்டாள்.

நிறைமாசம். உள்ளே இருட்டு. மூச்சு முட்டுகிறது. அத்தனையும் இருபது நிமிடத்துக்கு முன்னால், தன் பாடத் திட்டத்தைச் சோதிக்க அவள் கற்பனையாகத் தட்டிய வார்த்தைகள். முகவரிக்கு எங்கே போவது என்று யோசித்து, சுவரில் மாட்டியிருந்த இந்த மையத்தின் முகவரியையே பார்த்துப் போட்டிருந்தாள்.

மெல்லத் திரும்பித் திரையைப் பார்த்தாள். மேலே ஓரத்தில் பச்சைக் கோடு. ஒத்திகைக்கு என்று கம்பெனி கொடுத்திருந்த புகார்ப் பக்கத்தின் நகலில் நீலக் கோடு இருக்கும். பச்சை என்றால்... நிஜம். நிஜ ஊர், நிஜப் புகார், நிஜ மெக்கானிக்.

அதைவிட மோசமான ஒன்று அதற்கடுத்த நொடியில் உறைத்தது. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் எழுதுகிற மேஜை அவளுடையது. அவள் படிக்க வரும் நாளில் பக்கத்து மேஜைக்காரி பார்த்துக்கொள்வாள், திரையில் விழுந்ததைப் படித்து மெக்கானிக்கை அனுப்பியிருப்பாள். மெக்கானிக்குகளுக்கு அவள் பெயர் கன்ட்ரோல். அவளுக்கு அவர்கள் எல்லோரும் எண்கள். யாரும் அலுவலகப் பக்கம் வருவதில்லை, வீட்டிலிருந்து நேரே வேலைக்குப் போய்விடுவார்கள். அதில் ஒரு எண் மட்டும் ஒரு வருடமாகத் தினமும் காலை எட்டரைக்குக் காதுக்குள் சிரிக்கும். "கன்ட்ரோல், பதினெட்டு பேசறேன். இன்னைக்கு என்ன தண்டனை வெச்சிருக்கீங்க?" அவளும் சளைக்க மாட்டாள். பதினாலு மாடி, மின்சாரம் இல்லை, ஏறிப் போங்க என்பாள். நேரில் யாராவது நிமிர்ந்து பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற பெண், தொலைபேசியில் மட்டும் வாயாடி.

"நான்தான் எழுதினேன்..." என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அது நிஜமில்ல."

அவன் நெற்றியில் இருந்த நீரைத் துடைத்த கை பாதியில் நின்றது.

"கன்ட்ரோலா?"

அந்த ஒரு நொடி அவன் கண்ணில் கோபம் இல்லை. ஆச்சரியம்... அதற்குள் ஒரு சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. பிறகுதான், அவள் சொன்னதன் பொருள் மெதுவாக இறங்கியது போல, முகம் மூடிக்கொண்டது.

"நான் வேலை பாத்துக்கிட்டிருந்த குடியிருப்புல, கீழ்த்தளத்துல ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு. ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆனவரு. வீடு ஆறாவது மாடி. அஞ்சு நிமிஷம் சார்னு சொல்லிட்டு, கழட்டினத அப்படியே போட்டுட்டு ஓடி வந்தேன். உயிர் போற விஷயம்னு."

மன்னிச்சிடுங்க என்று ஒரு வார்த்தை. தொலைபேசியாக இருந்திருந்தால் வந்திருக்கும். வந்தது வேறு. "ஒத்திகைப் பக்கம்னு நெனச்சேன்."

"நெனச்சீங்க."

அவன் தன் கைபேசியை எடுத்தான். புகாரை மூட வேண்டும், காரணம் எழுத வேண்டும். என்ன எழுதட்டும் என்று அவளைக் கேட்டான். அது என்ன கேள்வி என்று அவளுக்குத் தெரியும்.

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் அவள். அப்பா படுத்த படுக்கையானபோது படிப்பு நின்றது. பிறகு தனித்தேர்வு எழுதித் தேறி, மேஜை வேலைக்கு வந்து, நான்கு வருடம் கழித்துத்தான் இந்த வாய்ப்பு... வாரத்தில் நாலு நாள் வேலை, ஒரு நாள் படிப்பு, மூன்று வருடத்தில் டிஜிட்டல் தொழில்நுட்பத்தில் பட்டம். வேலைதான் பாடம். கம்பெனி கைவிட்டால் படிப்பும் போச்சு. பயிற்சிக்காக நிஜப் பக்கத்தில் கை வைத்தால் கம்பெனி கைவிடும். முதல் நாள் கையெழுத்துப் போட்ட தாளில் மூன்றாவது வரி அது.

என் பெயரை எழுதாதீர்கள் என்று கேட்கலாம். ஒரு பொய் எழுதுங்கள் என்று கேட்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அவள் முகவாய் தானாக நிமிர்ந்தது.

"நடந்தத எழுதுங்க."

அவன் ஏதோ எதிர்பார்த்தவன் போல இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தட்டினான். மழைக்குள் போய்விட்டான்.

திரையில் வந்து விழுந்ததைப் படித்தாள். *இந்த முகவரியில் லிஃப்ட் இல்லை. மூடப்பட்டது. 18.*

அவ்வளவுதான். அவள் இல்லை அதில். இரக்கமா... இல்லை, எழுதக்கூடத் தகுதியில்லை என்றா?

மறுநாள் காலை எட்டரைக்கு மணி அடித்தது. "பதினெட்டு. புகார் எண் சொல்லுங்க." சொன்னாள். வைத்துவிட்டான். அதற்கு மறுநாளும் அதே. ஒரு வருடப் பேச்சைக் கத்தரித்து எடுத்தாற்போல.

வீட்டில் அக்காவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. தினமும் சாயங்காலம் தங்கை கொண்டுவரும் பதினெட்டின் கிண்டல்களைக் கேட்டே பழகியவள்.

"என்னடி, உன் பதினெட்டு லீவா?"

"என் பதினெட்டு ஒன்னும் இல்ல."

"சரி, ஊர் பதினெட்டு. அதுக்கு ஏன் சோத்துல கோலம் போடற?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அக்கா விடவில்லை. படிப்பில் ஏதாவது சிக்கலா என்று பின்னாலேயே வந்து கேட்டாள். இரவல் புத்தகத்தில் தனித்தேர்வுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். இல்லை என்று தலையாட்டியபோது அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் அந்தப் பெரியவரின் குடியிருப்பிலிருந்து கடிதம் வந்தது. மெக்கானிக் பாதி வேலையில் ஓடிவிட்டார், முக்கால் மணி நேரம் ஒரு நோயாளியைக் காக்க வைத்தார் என்று. மேலாளர் பதினெட்டை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவன் கைகட்டி நிற்பதை அவள் பார்த்தாள். புகார் வந்தது, போனேன், லிஃப்ட் இல்லை... அதையே மூன்று தடவை சொன்னானாம். புகாரில் பேசியவர் எண்ணே இல்லையே, யார் கொடுத்தது என்று மேலாளர் குடைந்தபோது, எழுத வேண்டியதை எழுதிவிட்டேன் மேடம் என்றானாம். அந்த மாதம் குழுத் தலைவர்கள் பட்டியல் வருகிறது. அவன் பெயர் இருந்தது. இனி இருக்காது. பக்கத்து மேஜைக்காரி தேநீரை ஊதிக்கொண்டே இதைச் சொன்னாள்.

வெளியே போகும்போது அவன் அவள் மேஜையைத் தாண்டித்தான் போனான். பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். ஒரு பக்கச் சட்டைக் காலர் மடங்கி உள்ளே போயிருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று கை துடித்தது... என்ன பைத்தியக்காரத்தனம் இது.

இந்தப் படிப்பில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். இந்த வாரம் வேலையில் என்ன கற்றேன், அதற்கு என்ன ஆதாரம். ஆசிரியருக்கும் போகும், மேலாளருக்கும் போகும். அவள் வழக்கமாக மூன்று வரி எழுதுவாள். அந்த வெள்ளிக்கிழமை ஒன்றரைப் பக்கம் எழுதினாள். எந்தக் கோட்டைப் பார்க்கத் தவறினேன், யார் உயிரென்று நினைத்து யார் ஓடி வந்தார், யார் முட்டி வலியோடு காத்திருந்தார். ஆதாரம் என்ற இடத்தில் அந்தப் புகாரின் எண்ணைப் போட்டாள்.

அனுப்பும் பொத்தான் மேல் விரல் நின்றது. மூன்று வருடம்... பட்டம்... அக்காவின் முகம்... எல்லாம் வந்தன. உள்ளே போயிருந்த அந்தக் காலரும் வந்தது.

அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை மேலாளர் அவளை உட்காரச் சொல்லவில்லை. அந்தக் குறிப்பைத் திரையில் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இத்தன பத்தி எழுதியிருக்க. இதுல ஒன்னுகூட உனக்காகப் பேசலயே. உன்ன யாரும் வக்கீலா வெச்சுக்க மாட்டாங்க."

அவள் தரையைப் பார்த்தாள்.

மேலாளர் கறாராகவே சொன்னார். இந்தப் பருவத்துக்கான செயல்முறைத் திட்டம் செல்லாது, முதலிலிருந்து செய்ய வேண்டும். பெரியவரை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டு வாரம் மேஜை கிடையாது, மெக்கானிக்குடன் வெளியே போய், தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் எங்கே போய் இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். படிப்பு தொடரும். ஆசிரியரோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டுத்தான் தொடருகிறது, இன்னொரு தடவை சண்டை போட எனக்குத் தெம்பில்லை என்றார்.

"அவரு பேரு... பட்டியல்ல..." அவளுக்கு அதற்குமேல் வரவில்லை.

"இருக்கு. போ. அவன்கூடத்தான் உன்ன அனுப்பறேன். ரெண்டு பேரும் வாயத் தொறக்காம என் உயிர வாங்கினீங்க இல்ல, இப்ப ரெண்டு வாரம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டுக் கிடங்க."

முதலில் அந்தப் பெரியவர் வீடு. அவள் கைகூப்பி, வராத வார்த்தைகளை ஒவ்வொன்றாக இழுத்து, நடந்ததைச் சொல்லி முடித்தாள். பெரியவர் அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் சுவரை ஆராய்ந்துகொண்டிருந்த அவனைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கடுதாசியே எழுதியிருக்க மாட்டேனே. தபால்காரனுக்குத்தான் வீண் வேலை வெச்சுட்டேன்" என்றார். அவன் காது சிவந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

பத்து நாளில் அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தான். முதலில் கருவிகளைப் பற்றி. பிறகு மழையைப் பற்றி. படியேறும்போது அவள் பையை வாங்கிக்கொண்டான், கேட்காமலே. சிரிப்பு மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. அவளும் நேரில் ஊமைதான்... ஆமாம், இல்லை, சரி.

அவளுடைய திட்டம் திரும்பவும் உருவானது, இந்தத் தடவை நீலக் கோட்டுக்குள். புகார் வந்ததும் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்குக்குத் தானாகவே போய்ச் சேரும் ஒரு சின்ன நிரல். அதை உபயோகிக்கப் போகிற ஒருவரின் கருத்தைக் கேட்டு எழுதி, கையெழுத்தும் வாங்க வேண்டும்.

கடைசி நாள். பன்னிரண்டு மாடிக் கட்டிடம். லிஃப்டின் கூரை மேல், மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் அவன். தரைத்தளத்தில், திறந்து வைத்த கதவின் முன் தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் அவள். இருவர் காதிலும் கைபேசி. அவன் சொன்னால் அவள் விசையைப் போட வேண்டும். நடுவில் சும்மா இருந்த நேரத்தில் கேள்வித்தாளை எடுத்தாள். தொலைபேசி என்பதால்... பேச்சு வந்தது.

நிரல் வேகமாக இருக்கிறதா? இருக்கு. முகவரி தெளிவாகத் தெரிகிறதா? தெரியுது, எழுத்துதான் எறும்பு மாதிரி. குறை ஏதாவது?

கருவியின் சத்தம் நின்றது.

"இருக்கு. ஒன்னு."

"சொல்லுங்க. எழுதிக்கறேன்."

"இது வந்துட்டா புகார் நேரா எங்களுக்கே வந்துரும். கன்ட்ரோலக் கூப்பிட வேண்டியதில்ல."

"அதானே நல்லது. ஒரு புகாருக்கு நாலு நிமிஷம் மிச்சம்."

"அந்த நாலு நிமிஷத்துக்காகத்தாங்க நான் எட்டு மணிக்கே குளிச்சுத் தலைவாரி உக்காந்திருப்பேன்."

பேனா தாளில் ஒரு புள்ளியிலேயே நின்றது. மசி பரவியது.

"ஃபோன்ல பேச எதுக்குத் தல வாரணும்?"

"அதான் எனக்கும் தெரியல." அவன் சிரித்தான். எத்தனை நாள் கழித்து அந்தச் சிரிப்பு... காதிலும் கேட்டது, தலைக்கு மேலே லிஃப்ட் ஓடும் அந்த இருட்டுக் குழியிலிருந்தும் கேட்டது.

"அன்னைக்கு ஏன் என் பேர எழுதல?"

"லிஃப்ட் இல்ல. அது நிஜம். அதுக்கு மேல எழுதினா, மறுநாள் காலைல வேற யாரோ ஃபோன எடுப்பாங்க. முடியல." ஒரு திருகாணியை இறுக்கும் சத்தம். "ஆனா கோவம் இருந்துச்சு. நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். யாரோ மாதிரி நடந்தத எழுதுங்கன்னுட்டீங்க."

"கேட்டா நிஜத்த வளைச்சு எழுதச் சொன்ன மாதிரி ஆயிடும். லிஃப்ட் குறிப்புல ஒரு எழுத்துகூடத் தப்பா எழுதாதவரு நீங்க. என்னால அது கெட வேணாம்னு..."

"என்னைப் பத்தி உங்களுக்கு என்ன அவ்வளவு அக்கற?"

தொலைபேசியில் சொல்லிவிடலாம். தொலைபேசியில் அவளால் எதையும் சொல்ல முடியும். அதனாலேயே அவள் இணைப்பைத் துண்டித்தாள். தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கினாள்.

"பிடிச்சிருக்கு" என்றாள். போதவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

அந்த இருட்டுக் குழி அதை வாங்கி மாடி மாடியாக ஏற்றியது... பிடிச்சிருக்கு... பிடிச்சிருக்கு... பன்னிரண்டு மாடிக்கும் தெரிந்திருக்கும்.

மேலே ஒரு கருவி லிஃப்டின் கூரைத் தகட்டில் விழுந்து உருண்டது. பிறகு, அவனுடைய குரல், அவள் இதுவரை கேட்டிராத ஒரு தடுமாற்றத்தோடு. "அங்கேயே இருங்க. இத மேல இருந்து கத்த முடியாது. வரேன்."

படிகளில் காலடிச் சத்தம். இரண்டிரண்டாகத் தாவுகிறது. அவள் துப்பட்டா நுனியா, பையின் வாரா, எதைப் பிடித்து முறுக்குகிறோம் என்றே தெரியாமல் முறுக்கிக்கொண்டு நின்றாள். கடைசி வளைவில் அவன் வந்து நின்றான். கன்னத்தில் கறுப்பு மை போல எண்ணெய்க் கறை. அந்த அகலக் கண்கள் இப்போது எதையும் தேடவில்லை.

"எனக்கும்தான்" என்றான். "மூஞ்சி தெரியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே."

நாலாம் மாடியிலிருந்து யாரோ கதவைத் தட்டி, லிஃப்ட் எப்போது வரும் என்று கேட்டார்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் கேட்டார்கள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு புகாருக்குக் கன்ட்ரோலும் பதில் சொல்லவில்லை, பதினெட்டும் பதில் சொல்லவில்லை.