உட்காராதவரின் இலை

எழுதாமல் படுத்தவனின் பேனா, விடிந்து பார்த்தபோது ஈரமாக இருந்தது.

மருதப்பன் அதன் முள்ளைத் தொட்டுப் பார்த்தான். நீல மை விரலில் ஒட்டியது. இரவு விளக்கை அணைக்கும் முன் பழந்துணியில் துடைத்துத் தகர டப்பாவில் போட்டது நன்றாக நினைவிருந்தது. இப்போது அது மேசைமேல், மைக்கூட்டுப் பக்கம் சாய்ந்து கிடந்தது. தாளைப் பார்த்தான். நேற்று மாலை எழுதி நிறுத்திய பாதி வரி, பாதி வரியாகவே இருந்தது. கூட ஒரு எழுத்து இல்லை. யாரோ மையைத் தொட்டு, தாளுக்கு மேல் கையைக் கொண்டுபோய், எழுத ஒன்றும் வராமல் வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. அந்த அவஸ்தை அவனுக்குப் பழக்கமானதுதான். அதனால்தான் முதுகு கொஞ்சம் கூசியது.

மலாக்கா ஆற்று முகத்தில் இளமை முழுக்க மூட்டை தூக்கியவன் அவன். கட்டைவிரலின் அடியில் மூட்டைக் கொக்கி கிழித்த தழும்பு இன்னும் இருந்தது. வலது தோள் இறங்கிப்போன பிறகு, முப்பது தாண்டிய வயதில், கிடங்குச் சுவரில் கரியால் கிறுக்கிக் கிறுக்கி எழுத்துப் படித்தான். இப்போது கலியாண வாழ்த்து, இரங்கற்பா, கடை விளம்பரம், கதை என்று யார் எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுத்துப் பிழைத்தான். மூட்டை தூக்கிய காலத்தில் இல்லாத வியாதி ஒன்று எழுத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது. மூட்டையை நாளைக்கு என்று சொல்ல முடியாது. கங்காணி மண்டோர் பிரம்பை வைத்துக்கொண்டு பின்னால் நிற்பான். எழுத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? தலைப்பு வைப்பான். அடிக்கோடு போடுவான். மைக்கூட்டைக் கழுவுவான். முதல் வரி வரும். இரண்டாம் வரிக்கு முன் வெற்றிலை வாங்கப் போவான். கட்டிலுக்கடியில் தொடங்கி நின்றுபோன கதைகள் கரையான் மணத்தோடு அடுக்கடுக்காகக் கிடந்தன.

ஆனால் இந்தக் கட்டுரையை அப்படிப் போட முடியாது. காஜா பெராங் பகுதியில் குடியிருக்கும், பல தலைமுறைக்கு முன் வந்து மலாய்க்காரரோடு கலந்த தமிழர்களான மலாக்கா செட்டிகள் போகியன்று முன்னோருக்கு இடும் படையலைப்பற்றி எழுதும்படி பினாங்கு வாரப் பத்திரிகை ஆசிரியர் ஐப்பசியிலேயே கேட்டிருந்தார். ஐப்பசி போனது. கார்த்திகை மழையும் போனது. கடைசியாக வந்த தபால் அட்டையில், 'கேள்விப்பட்டதை வேண்டாம், கண்ணால் கண்டதை எழுதும். இதுவும் வரவில்லை என்றால் இனி உமக்கு எழுதமாட்டேன்' என்றிருந்தது. அவனுக்கு நிலையாக எழுத இடம் கொடுத்தது அந்த ஒரு பத்திரிகைதான். அதுவும் போனால் ஆற்று முகத்துக்குத் திரும்ப வேண்டும். அந்தத் தோளை இனி எந்த மண்டோரும் எடுக்கமாட்டான்.

இன்றுதான் போகி.

அப்படியும் காலையில் தாள் வாங்கும் சாக்கில் கடைத்தெருவுக்குப் போனான். காகிதக்கடை ஹனீபா அவனைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க புலவரே. போன மாசம் வாங்கின தாளெல்லாம் தீந்துருச்சா, இல்ல அடுப்புக்குப் போட்டீங்களா?"

"எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன், பாய்."

"எழுதுற ஆளு விரல்ல மை இருக்கும். உங்க விரல்ல சுண்ணாம்புல்ல இருக்கு." என்றவர் குனிந்து பார்த்தார். "அட, இன்னைக்கு மையும் இருக்கே! ராத்திரியெல்லாம் முழிச்சீங்களா?"

மருதப்பன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

அவன் குடியிருந்தது மீனாச்சி என்ற செட்டிப் பெண்மணியின் வீட்டுப் பின்னறையில். அந்த வீட்டில் பேசுவது மலாய். இடையே சாமி, இலை, படையல் என்று சில தமிழ்ச் சொற்கள் மிதக்கும். அவளை அவன் மலாய் முறைப்படி மக்சிக், அதாவது அத்தை, என்று அழைப்பான். திரும்பி வந்தபோது அவள் நடுக்கூடத்தில் உட்கார்ந்து இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவர்முழுக்க இறந்தவர்களின் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஓர் இலை. எல்லாம் விரித்து முடித்த பிறகு இன்னொன்றை எடுத்து, வரிசையின் கடைசியில், படமில்லாத சுவருக்கு எதிரே போட்டாள். அதைத் துடைக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது யாருக்கு, மக்சிக்?"

"உட்காராதவருக்கு."

"யாரு அவரு?"

"தெரிஞ்சா படம் மாட்டியிருக்க மாட்டேனா? என் மாமியார் போட்டாங்க, நானும் போடுறேன். மத்த இலையெல்லாம் கலைஞ்சிருக்கும். இது மட்டும் போட்டது போட்டபடி. வருவார், நிப்பார். உட்கார மாட்டார்."

சுங்கச்சாவடியில் குமாஸ்தாவாக இருந்த அவள் மகன் அண்ணாமலை முன்வாசலிலிருந்து குரல் கொடுத்தான். "நம்ம மருதப்பன் மாதிரி ஆளு போலிருக்கு, அம்மா. பேனாவை எடுப்பாரு, எழுத மாட்டாரு!"

"வாயை மூடு, லா." மீனாச்சி சிரிக்கவில்லை.

மருதப்பன் மெல்ல ஆரம்பித்தான். "நான் ஒரு ஓரமா நின்னு பார்த்துக்கட்டுமா? பத்திரிகைக்குத்தான்..."

"அலாமா! பைத்தியமா உனக்கு? படைச்சதும் எல்லாரும் வெளியே போயிடணும். வத்தி எரிஞ்சு முடிஞ்சதும் தட்டிட்டுத்தான் திறப்போம். தலையை எண்ணாம நான் கதவைச் சாத்தமாட்டேன்." அவள் குரல் தணிந்தது. "உயிரோட ஒருத்தர் உள்ளே நின்னா அவங்களுக்கு அது விருந்தாளி. விருந்தாளியை நிக்க வச்சுட்டு வீட்டுக்காரங்க சாப்பிடுவாங்களா? உட்கார வைக்காம விடமாட்டாங்க."

அந்த வரியே கட்டுரைக்குப் போதும் என்று அவனுக்குத் தோன்றியது. கூடவே தபால் அட்டையும் தோன்றியது. கண்ணால் கண்டதை எழுதும்.

அவன் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு பழைய வாசல் இருந்தது. கதவு அவன் பக்கம். கூடத்துப் பக்கம் கனத்த சிவப்புத் திரை. அந்த வீட்டுச் சுவர் அகலமானது. கதவுக்கும் திரைக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம்.

உச்சி வெயிலில் படையல் முடிந்தது. தேங்காய்ப்பால் சோறும், மீன் குழம்பும், பொரித்த கோழியும், ஒரு கிண்ணத்தில் பிராந்தியும் மணக்க, அவர்கள் வெளியேறும் காலடிகளை அவன் தன் அறையிலிருந்து கேட்டான்.

"மருதா! வெளியே வா!"

"இதோ, கொஞ்சம் பொறுங்க!"

வாசலில் சிரிப்பு எழுந்தது. "அவன் வரமாட்டான், அம்மா. அறையிலதான் இருக்கான், சேர்த்து எண்ணிக்க" என்றான் அண்ணாமலை. 'கொஞ்சம் பொறுங்க' என்பது மருதப்பன் பேச்சுக்குப் பேச்சு சொல்லும் சொல், யாரும் சந்தேகப்படவில்லை. கூடத்துக் கதவு சாத்தப்படும்போது, மருதப்பன் தன் அறைக் கதவைத் திறந்து, திரைக்குப் பின்னால் நுழைந்து, கதவைத் தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்திக்கொண்டான்.

திரையில் ஒரு கிழிசல் இருந்தது. அதில் கண்ணை வைத்தான்.

முதலில் ஒன்றுமில்லை. சாத்திய சன்னல்களின் இடுக்கு வழியே வெயில் கோடுகோடாக இலைகளின்மேல் விழுந்தது. சோற்றிலிருந்து ஆவி எழுந்து அந்தக் கோடுகளில் நெளிந்தது. வத்திப் புகை படங்களின் கண்ணாடியைத் தடவிக்கொண்டு மேலே போனது. வெளியே மாட்டுவண்டி ஒன்று கிறீச்சிட்டுப் போக, அதற்கப்பால் மாரியம்மன் கோவில் மணி சோம்பலாக ஒலித்தது. இவ்வளவுதானா என்று நினைத்தான். மனதுக்குள் முதல் வரியைக்கூடக் கூட்டிப் பார்த்தான். அப்போது, மணியின் கார்வை அடங்காமல் அப்படியே காற்றில் நின்றது.

நின்றது. தேயவில்லை.

ஆவி நெளிவதும் நின்றிருந்தது. வத்தி முனையில் சாம்பல் வளைந்து, விழப்போகும் நிலையில், விழாமல் இருந்தது. பிறகு பாய் நெரியும் சத்தம். ஒரு கனம் இறங்கி உட்காரும் சத்தம். அடுத்த இலைக்கு எதிரே இன்னொன்று. பழைய பட்டுச் சேலை உரசுவது, முழங்கால் மடங்குவது, யாரோ ஒரு கிழவர் தொண்டையைச் செருமுவது. கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வோர் இலைக்கு முன்னாலும் பாய் பள்ளமாக அமுங்கியிருந்தது. படங்களைப் பார்த்தான். கண்ணாடிகளுக்குப் பின்னால் ஆட்கள் இல்லை; நாற்காலியும் பூச்சாடியும் மட்டும் இருந்தன.

கடைசி இலைக்கு முன் பாய் அமுங்கவில்லை.

யாரும் உண்ணவில்லை. காத்திருந்தார்கள். அந்த மௌனம் அவனுக்குத் தெரியும். பந்தியில் இலை முன் உட்கார்ந்தவர்கள், வாசலில் தயங்கி நிற்பவனைப் பார்த்து, வாங்க, ஏன் நிக்கிறீங்க என்று சொல்லாமல் சொல்லும் மௌனம். அது மெதுவாகத் திரும்பியது. திரையை நோக்கித் திரும்பியது.

கொஞ்சம் பொறுத்தால் வத்தி முடிந்துவிடும், மீனாச்சி தட்டுவாள், எல்லாம் சரியாகிவிடும். பொறுப்பது அவனுக்குப் புதிதா? பொறுத்தான். கால் மரத்தது. வியர்வை முதுகில் இறங்கிக் காய்ந்து மறுபடி இறங்கியது. பசித்தது, பசி போய் மறுபடி பசித்தது. சன்னல் இடுக்கு வெயில் ஒரு நூல்கூட நகரவில்லை. சாம்பல் விழவில்லை. மணியின் கார்வை காதுக்குள் கொசுபோல நின்றது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவன் பொறுக்கும்வரை வத்தி எரியாது. தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கலாம். எவ்வளவு வேண்டுமானாலும். இந்த உச்சி வெயில் முடியவே முடியாது.

அறைக்குள் ஓடிவிட வேண்டும். கையைப் பின்னால் நீட்டிக் கதவைத் தடவினான்.

மரம் தட்டுப்படவில்லை.

துணி. துணிக்கு அடியில் சில்லென்ற நெஞ்சு.

அவனுக்கும் கதவுக்கும் நடுவே இடமே இல்லை. ஆனாலும் ஒருவர் நின்றிருந்தார். எப்போதும் அங்கேயே நின்றவர்போல, அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. பிடித்த மூச்சு மெல்ல வெளிவந்தது. பின்கழுத்தில் பட்டது. மை மணத்தது.

காலையில் ஈரமாக இருந்த பேனா நினைவுக்கு வந்தது.

"யாரு?" என்று கேட்க நினைத்தான். அதற்குள் இறங்கிப்போன வலது தோளின்மேல் ஒரு கை வந்து அமர்ந்தது. அழுத்தவில்லை. மூட்டையை ஏற்றிவிட்டு, போ என்று மண்டோர் தொடுவதுபோலத் தொட்டது. திரை தானாக ஒதுங்கியது. வரிசை முழுக்கப் பாய்கள் நெரிந்தன; அவனுக்கு வழிவிட்டு முழங்கால்கள் ஒதுங்கின. கடைசி இலையில் சோறு இன்னும் சூடாக இருந்தது.

உட்கார்ந்தால் வத்தி எரியும். எரிந்தால் கதவு திறக்கும். வெளியே போய்விடலாம். மனம் அதையே சொல்லிக்கொண்டது.

உட்கார்ந்தான்.

சாம்பல் விழுந்தது.

மணி ஓய்ந்தது. ஆவி நெளிந்தது. எல்லா இலைகளிலும் ஒரே சமயத்தில் சோறு குழிந்தது. அவன் கையும் போனது. வாய்க்கு வந்தது. உப்பு இல்லை, உறைப்பு இல்லை, சூடும் இல்லை. நிறுத்த முடியவில்லை. பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், அவன் அறைக் கதவு மெல்லத் திறந்து மூடும் ஓசை கேட்டது.

தாழ்ப்பாள்.

கூடத்துக் கதவு தட்டப்பட்டது. திறந்தது. வெயில் பொத்தென்று உள்ளே விழுந்தது.

"மக்சிக்!" என்று கத்தினான். வாய் நிறையச் சோறு. சத்தம் வரவில்லை. மீனாச்சி சன்னல்களைத் திறந்துவிட்டு வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவன் முன்னால் வந்து நின்றாள். அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள். அவள் கண் அவனைத் தாண்டி இலையில் நின்றது.

"அண்ணாமலை! இங்க வந்து பாரு! உட்கார்ந்துட்டார்! இந்த வருஷம் உட்கார்ந்துட்டார்!" அவள் கண்ணில் நீர் நின்றது. கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு அவன் கை வைத்திருந்த இலையை, கையோடு சேர்த்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள். கை வலிக்கவில்லை.

"மருதா! சாப்பிட வா!"

வரமாட்டான். வர முடியாது. இங்கே இருக்கிறேன், மக்சிக், உங்கள் காலடியில்.

"இதோ, கொஞ்சம் பொறுங்க!"

அவன் குரல். பின்னறையிலிருந்து.

அண்ணாமலை வாய்விட்டுச் சிரித்தான். "கேட்டீங்களா? செத்தவங்ககூட உட்கார்ந்துட்டாங்க, இவன் இன்னும் எழுந்திருக்கல!"

மருதப்பன் எழ முயன்றான். இருபுறமும் முழங்கால்கள் நெருங்கி இடித்தன. பின்னறையில் நாற்காலி இழுபடும் சத்தம். மைக்கூட்டில் பேனா தட்டும் சத்தம். பிறகு தாளில் முள் ஓடத் தொடங்கியது. பாதி வரி முடிந்து, அடுத்த வரி, அதற்கடுத்த வரி, தாள் புரளும் ஓசை, மறுபடி வரி. நிற்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. கட்டிலுக்கடியில் கிடந்த கட்டுகள் ஒவ்வொன்றாக இழுபட்டன.

திரைக் கிழிசல் வழியே, தாழிட்ட கதவின் பலகை இடுக்கில், எழுதும் கை மட்டும் தெரிந்தது. கட்டைவிரலின் அடியில் மூட்டைக் கொக்கி கிழித்த பழைய தழும்பு.

அவன் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். விரலெல்லாம் சோற்றுப் பருக்கை. தழும்பு இல்லை.

மீனாச்சி திரும்பி வந்து சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.