மெர்சி போட்ட தரம்

மண்ணூர் நடுநிலைப்பள்ளி ஆறாம் வகுப்பில் இரண்டு கம்பெனிகள் இருந்தன. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்தன. பழைய காசைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பார்த்துத் தரம் போட்டுத் தரும்.

இதற்குக் காரணம் கணக்கு வாத்தியார் புருஷோத்தமன். அமெரிக்காவில் இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன, நாணயத்துக்குத் தரம் போட்டுப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடிக் கொடுக்கின்றன என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அவர் பின்னக் கணக்குக்குத் திரும்பிவிட்டார். பிள்ளைகள் திரும்பவில்லை.

அது 1991ஆம் வருஷம். ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. பாதி வீடுகளில் ஷிப்ட், ஓ.டி., ரிஜெக்ட் என்றுதான் பேச்சு. கம்பெனி திறப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதலில் திறந்தவன் பகலவன். காசை வாங்குவான், ஒரு பார்வை பார்ப்பான், பச்சைச் சீட்டில் 1, 2 அல்லது 3 என்று எழுதுவான். 1தான் உசத்தி. சீட்டையும் காசையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, ரம்பத் துண்டை மெழுகுவர்த்தியில் காட்டிப் பையின் வாயை ஒட்டிவிடுவான். எல்லாம் ஐந்து நிமிடம். கூலி ஒரு கடலை மிட்டாய்.

இரண்டாவது கம்பெனி மெர்சியுடையது. கூலி அதேதான். ஆனால் ஒருநாள் ஆகும். பச்சைச் சீட்டு இல்லை, சீல் இல்லை. தீப்பெட்டியில் காசை வைத்து, நோட்டுத்தாள் துண்டில் ஏதேதோ எழுதிக் கொடுப்பாள். அவளிடம் போனவர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் அவள் தங்கை.

காவேரியிடம் பதினோரு காசுகள் இருந்தன. இரண்டு வருஷமாகச் சேர்த்தவை. நடுவில் ஓட்டை போட்ட காசு, சதுர இரண்டணா, தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசா, வடக்குப்பட்டில் தொழிற்சாலைக்குப் பள்ளம் தோண்டியபோது கிடைத்த கறுத்த தம்பிடி என்று ஒவ்வொன்றையும் எங்கே, யாரிடம் வாங்கினாள் என்று சொல்லுவாள்.

எட்டாம் வகுப்பு நரசிம்மனிடம் ஒரே ஒரு காசு இருந்தது. 1835ஆம் வருஷத்துக் காலணா. கிழக்கிந்தியக் கம்பெனி அடித்தது. பையைத் தூக்கிக் காட்டினால் புதுச் செம்புக் குடம் மாதிரி மின்னியது. பச்சைச் சீட்டில் ‘தரம் 1’ என்று இருந்தது.

“உன் பதினொண்ணையும் குடு. இத்தத் தரேன்” என்றான் நரசிம்மன்.

“பதினொண்ணுமா?”

“தரம் ஒண்ணும்மா இது! வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் டைம். அப்புறம் சேரப்பணஞ்சேரிலேர்ந்து ஒருத்தன் வரான், அவனுக்குக் குடுத்துடுவேன்.”

காவேரிக்கு அந்தக் காலணா வேண்டும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் பதினொன்றையும் கொடுத்துவிட்டு, அது தரம் 1 இல்லை என்று பிறகு தெரிந்தால்?

அவள் அம்மா கோவிந்தம்மா ஒரு தொழிற்சாலையில் போல்ட் பார்த்துப் பிரிக்கும் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காவேரியோடு வெங்காயம் உரித்தபடி புலம்பிக்கொண்டிருந்தாள்.

“அந்த சூப்பர்வைசர் இன்னா பண்றான் தெரியுமா? காலைல நான் பார்த்து அனுப்புன ட்ரேவையே சாயங்காலம் மறுபடி என் முன்னாடி வைக்கறான். காலைல ரிஜெக்ட் பண்ண போல்ட்ட சாயங்காலமும் ரிஜெக்ட் பண்றேனான்னு பாக்கறானாம்!”

“பண்ணியா?”

“பின்ன? ஏழு போல்ட்டு. ஏழும் அதே ஏழு” என்றாள் அம்மா. புலம்பலுக்கு நடுவே முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

காவேரி வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை காலை தாமரை இருபது பைசாவைப் பகலவனிடம் கொடுத்தாள். அவன் ஒரு பார்வை பார்த்தான்.

“மங்கிப் போயிருக்கு. தரம் 3.” சர்ரென்று பை ஒட்டியது.

மதியம் பையைக் கிழித்து அதே காசை மெர்சியிடம் கொடுத்தாள். மறுநாள் தீப்பெட்டி வந்தது. தாளில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: ‘தரம் 2. தாமரை இதழ் எல்லாம் தெரிகிறது. நடுச் சிங்கத்தின் மூக்கு தேய்ந்திருக்கிறது. விளிம்பில் சின்னப் பள்ளம். மேலே இருப்பது அழுக்கு இல்லை, வயசு.’

ஒருவர் 3, ஒருவர் 2. யாரை நம்புவது? இதற்குத்தானே அம்மாவின் சூப்பர்வைசர் மாதிரி இரண்டாவது முறை கொடுத்துப் பார்ப்பது.

அதே காசு என்று தெரியாமலிருக்க, செவ்வாய் மாலை காவேரி புளியும் செங்கல் தூளும் போட்டு அந்தக் காசைத் தேய்த்தாள். கை வலிக்க வலிக்கத் தேய்த்தாள். அது தங்கம் போல ஆகிவிட்டது.

புதன்கிழமை அதைப் பக்கத்துப் பெஞ்சு வசந்தகுமாரிடம் கொடுத்தாள். “உன்னோட காசுன்னு சொல்லு. முதல்ல பகலவன், அப்புறம் மெர்சி.”

“எனக்கு இன்னா குடுப்ப?”

“ரெண்டு மிட்டாய்.”

“கூலி ரெண்டு போக ரெண்டா?”

“ஆமாண்டா, பேராசை புடிச்சவனே.”

பகலவன் காசைப் பார்த்ததும் விசில் அடித்தான். “இன்னா பளபளப்பு! தரம் 1!”

திங்களன்று 3. புதனன்று 1. காசு ஒன்றுதான்.

வியாழக்கிழமை மெர்சி, வசந்தகுமாரைத் தேடிப் போகவில்லை. நேராகக் காவேரியிடம் வந்து தீப்பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

“எதுக்குடி இத்தக் கெடுத்த?”

காவேரி தீப்பெட்டியைத் தள்ளி வைத்தாள். “இது... வசந்தகுமாரோடது...”

மெர்சி ஒரு நோட்டை விரித்தாள். தான் பார்த்த ஒவ்வொரு காசையும் அதில் வட்டம் போட்டு வரைந்திருந்தாள். எங்கே கீறல், எங்கே பள்ளம் என்று புள்ளி வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய பூதக்கண்ணாடி: ப்யூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பியது.

“இந்தப் பள்ளம் திங்கக்கிழமையும் இதே எடத்துலதான் இருந்துச்சு. புளி போட்டுத் தேய்ச்சிருக்க. தேய்ச்ச காசுக்கு நான் தரம் போடமாட்டேன். போன வயசு திரும்பி வராது.”

காவேரி எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவாள் என்று நினைத்தாள். மெர்சி திட்டவில்லை. கடலை மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இது எதுக்கு?”

“திங்கக்கிழமை உனக்கு 2 போட்டேன்ல? அது தப்பு. அன்னைக்கு மழை இருட்டு. இப்பதான் பார்க்கறேன், சிங்கத்துக்கிட்ட ஒரு பழைய கீறல் இருக்கு. 3 தான் போட்டிருக்கணும். கூலியத் திருப்பி வாங்கிக்க.”

“அப்போ பகலவன் சொன்ன 3 தான் சரியா?”

“சரிதான்” என்றாள் மெர்சி. “ஆனா ஏன் 3ன்னு கேளு. அவனுக்குத் தெரியாது.”

காவேரி அவளையே பார்த்தாள். அந்தத் தப்பை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. சொல்லாமல் விட்டிருந்தால் மெர்சிக்கு ஒரு மிட்டாய் மிச்சம். இவளிடம் போன மூன்று பேரும் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று நினைத்தாள். தங்கை உட்பட.

அன்று மாலை காவேரி பகலவனைத் தனியாகப் பம்புசெட் பக்கம் கூப்பிட்டாள். இரண்டு பச்சைச் சீட்டுகளையும் காட்டினாள். ஒன்றில் 3, இன்னொன்றில் 1. “ரெண்டும் ஒரே காசுக்கு நீ போட்டது” என்றாள்.

பகலவன் முகம் சிவந்தது. “எங்கப்பா பாலிஷ் செக்‌ஷன்ல இருக்காரு. அங்க பளபளன்னு இருந்தாதான் ஓகே. மங்கலா இருந்தா ரிஜெக்ட்.”

“அது புது சாமான்டா. இது பழைய காசு.”

பகலவன் சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். “கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா?”

“இல்ல. உன்கிட்டதான் சொல்றேன்.”

“நரசிம்மன் காலணாவும்... நான்தான் தேய்ச்சேன். வீட்டுக்கு எடுத்துக்கினு போயி, அப்பாவோட பாலிஷ் சோப்புல. அழகாயிடுச்சுன்னு நெனச்சேன்.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் நரசிம்மன் புளியமரத்தடியில் நின்றிருந்தான். “கொண்டாந்தியா?”

“கொண்டாந்தேன். ஆனா மெர்சி ஒருதரம் பார்க்கட்டும்.”

“இவ இன்னாத்துக்கு? சீல் வச்ச காசு!”

“பார்க்கட்டுமே. நல்ல காசுன்னா உனக்கு இன்னா பயம்?”

பயம் என்று சொன்னதும் நரசிம்மன் பையைக் கிழித்துக் கொடுத்துவிட்டான். மெர்சி பல்பை வெயிலில் பிடித்துக் காலணாவைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். விளிம்பைச் சுற்றிப் பார்த்தாள். அவள் அவசரப்படவே இல்லை. சுற்றி நின்ற கூட்டத்தில் வசந்தகுமாருக்குக் கொட்டாவி வந்தது.

“காசு அசல்” என்றாள் கடைசியில். “ஆனா மேட்டுலயும் பள்ளத்துலயும் ஒரே பளபளப்பு. எழுத்து ஓரமெல்லாம் மழுங்கிப் போச்சு. சுத்திச் சுத்தி மெல்லிசா கோடு இருக்கு. தேய்ச்சிருக்காங்க. தரம் கிடையாது.”

“ஏய்! என் காசு விலை போவக்கூடாதுன்னு ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துக்கினு டிராமா போடறீங்களா?” நரசிம்மன் கத்தினான். “எவன் தேய்ச்சான்? சாட்சி இருக்கா?”

“இருக்கு” என்றது ஒரு குரல்.

பகலவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன. “நான்தான் தேய்ச்சேன். அழுக்கத் துடைச்சேன்னு மட்டும் உன்கிட்ட சொன்னேன், பாலிஷ் சோப்பு போட்டுத் தேய்ச்சேன். நான் போட்ட தரம் தப்பு.”

எட்டாம் வகுப்புப் பையன் முன்னால், அத்தனை பேர் பார்க்க, அவன் அதைச் சொன்னான். ஓடவும் இல்லை. காவேரிக்கு அவனை முதல்முறையாகப் பிடித்தது.

நரசிம்மன் கையை ஓங்கினான். சுற்றிலும் பார்த்தான். கையை இறக்கிவிட்டான். “இனி இத்த எவன் வாங்குவான்?”

“நான் வாங்கிக்கறேன்” என்றாள் காவேரி. “மூணு காசு தரேன். எந்த மூணுன்னு நீயே எடுத்துக்க.”

“பதினொண்ணு சொன்னேன்!”

“அது தரம் 1க்கு.”

நரசிம்மன் சேரப்பணஞ்சேரிக்காரனை நினைத்துப் பார்த்தான். அந்தப் பையன் வருவான் என்று அவனுக்கே அவ்வளவு நிச்சயமில்லை. உட்கார்ந்து காவேரியின் காசுகளைக் கிளறி, பெரியதாகப் பார்த்து மூன்றை எடுத்தான். கறுத்துக் கிடந்த தம்பிடியை விரலால் ஒதுக்கித் தள்ளினான். காவேரி மூச்சு விட்டாள்.

மெர்சி தாள் கிழித்து எழுதினாள்: ‘கிழக்கிந்தியக் கம்பெனி. காலணா. 1835. அசல். சோப்பு போட்டுத் தேய்த்தது. தரம் இல்லை.’

நரசிம்மன் எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தான். “இவ்ளோ குறை எழுதி வச்சிருக்கா, நீ போயி ஆசையா வாங்கற!”

“எழுதியிருக்கறதாலதான் வாங்கறேன்” என்றாள் காவேரி. தாளை நான்காக மடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்தாள்.

நரசிம்மன் நாலு அடி நடந்தான். நின்றான். கையில் இருந்த மூன்று காசுகளையும் பார்த்தான். திரும்பி வந்து மெர்சி முன்னால் உட்கார்ந்தான்.

“இதுக்கெல்லாம் இன்னா தரம்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லு. நாளைக்கே ஆனாலும் பரவால்ல.”