நட்சத்திரத்துக்கு எடுத்த பல்பு

வாசலில் தொங்கிய காகித நட்சத்திரம் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை நேராக்கலாம் என்று ஸ்டூலில் ஏறிய ஆரோக்கியதாஸின் விரல் உள்ளே எரிந்துகொண்டிருந்த பல்பில் பட்டது. பழக்கத்தில் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஆனால் சுடவில்லை. பொழுது சாய்ந்ததிலிருந்து எரிகிற பல்பு, கிணற்றடிச் சொம்பு மாதிரி சில்லென்று இருந்தது.

மறுபடி தொட்டுப் பார்த்தான். இந்த முறை முழுக்கையால் பொத்திப் பிடித்தான். விரல் இடுக்கில் வெளிச்சம் சிவப்பாகக் கசிந்ததே தவிர உள்ளங்கைக்குச் சூடு என்பதே வரவில்லை. இரண்டு நாளாகப் புயல் சின்னம், போத்தனூரில் வெயில் முகம் காட்டவில்லை, ஓயாத தூறலும் ஊதக்காற்றும் சேர்ந்து எலும்பைக் குடைகிறது, அதனால்தான் பல்பும் ஆறிக்கிடக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்கினான். இத்தனை வருஷம் ரயில்வேயில் ஃபிட்டர் வேலை பார்த்தவனுக்கு அந்தச் சமாதானத்தின் லட்சணம் தெரியாமலில்லை. ஆனாலும் வேறு எதையும் நினைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஏனென்றால் அந்தப் பல்பு அவனுடையதல்ல.

ஒட்டுச்சுவர் வீட்டில் இருந்த பாத்திமுத்து அக்கா தனிக்கட்டை. மகளின் பிரசவத்துக்குப் பாலக்காடு கிளம்பியபோது, வீட்டுச் சாவியையும் மூன்று பூனைக்குட்டிகளையும் இவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். தாய்ப்பூனை தண்டவாளத்தில் அடிபட்டுப் போயிருந்தது. குட்டிகளுக்குக் கண் திறந்தும் திறக்காத பருவம். ஆப்பிள் பெட்டி ஒன்றில் மில் கழிவுப் பஞ்சை நிரப்பி, மேலே ஹோல்டரில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, கோழிப்பண்ணைக்காரர்கள் குஞ்சுகளுக்குச் செய்கிற மாதிரி ஏற்பாடு செய்திருந்தாள்.

“தாயில்லாத உசுருங்க தம்பி. பால் ஒரு நேரம் தப்புனாக்கூடத் தாங்கிக்கும். சூடு தப்பக்கூடாது. அந்த லைட்டை மட்டும் அணைச்சுப்போடாதீங்க.”

“நீங்க கவலையே படாதீங்கக்கா. நான் பாத்துக்கறேனுங்க.”

மகள் ஜெனிஷா மட்டும் அன்றே கெஞ்சினாள். “நம்மூட்டுக்கே கொண்டாந்துரலாம்ப்பா.” வீட்டில் குட்டி இருந்தால் புத்தகத்தைத் தொடமாட்டாள் என்று இவன்தான் மறுத்துவிட்டான். அப்பா என்றால் அப்படி ஏதாவது ஒன்றுக்கு மறுத்தால்தானே மரியாதை!

நேற்று மாலை அவர்கள் தெருவுக்குக் கோயிலிலிருந்து கிறிஸ்துமஸ் கேரல் பாடுகிறவர்கள் வருகிற முறை. எல்லா வாசலிலும் நட்சத்திரம் எரிய, இவர்கள் வாசலில் மட்டும் ‘டப்’பென்று பல்பு போய்விட்டது. ஜெனிஷாவின் முகமும் கூடவே அணைந்தது. மழைக்கு எலக்ட்ரிக் கடைக்காரன் சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிட்டிருந்தான். வீட்டுக்குள் இருப்பது டியூப் லைட். சமையல்கட்டில் இருப்பது ஜீரோ வாட். அப்போதுதான் அவனுக்குப் பூனைப்பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. பாட்டு முடிந்ததும் திரும்ப மாட்டிவிட்டால் போயிற்று, கொஞ்ச நேரம்தானே என்று பல்பைக் கழற்றினான். குட்டிகள் ஒருமுறை நெளிந்தன. பெட்டிமேல் ஒரு கோணிச்சாக்கை மடித்துப் போட்டுவிட்டு வந்தான்.

கேரல்காரர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள். மாட்டுக்கொட்டகையில், குளிரில் பிறந்த பாலகனைப் பற்றிக் கிடாரும் தம்பூரினுமாகப் பாடினார்கள். கேக் சாப்பிட்டார்கள், நட்சத்திரம் அழகாக இருக்கிறது என்றார்கள், போனார்கள். அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. கொஞ்சம் விடட்டும் என்று கட்டிலில் காலை நீட்டினான். விழித்தபோது விடிந்திருந்தது.

கோணியைத் தூக்கிப் பார்த்தான். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காலியாகத் தொங்கிய ஹோல்டரைப் பார்த்து முகத்தைத் தூக்கியபடியே விறைத்திருந்தன.

ஆரோக்கியதாஸ் அங்கேயே குந்தி அழுதான். பிறகு ஒரு பழைய காக்கிச் சட்டையில் அவற்றை வைத்து, பொத்தான்களைப் போட்டு, கைகளை முடிச்சுப் போட்டுப் பின்பக்க முருங்கையடியில் புதைத்தான். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த மனைவி சூசைமேரியிடம் மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஜெனிஷா, குட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று நின்றபோது, “இப்பத் தொந்தரவு பண்ணாத கண்ணு. சூடா தூங்குதுங்க,” என்றான். பாத்திமுத்து அக்கா எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டுக் கேட்டபோதும் அதையேதான் சொன்னான்.

“நெசமாலுமே சூடா இருக்குதுங்களா தம்பி? மனசு கெடந்து அடிச்சுக்குது.”

“நெம்பச் சூடா இருக்குதுங்கக்கா.”

சொல்லும்போது நாக்கு கூசியது. நாளைக் காலை வண்டிக்கு வந்துவிடுவேன் என்றாள். நேரில் சொல்லிவிடலாம், காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்று அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டான்.

ஸ்டூலிலிருந்து இறங்கி அவன் வீட்டுக்குள் வந்தான். சூசைமேரி அன்றைய டியூட்டிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போயிருந்தாள். உள்ளே ஜெனிஷா தட்டின் முன்னால் உட்கார்ந்து முகத்தைச் சுளித்தாள்.

“சோறு சில்லுனு இருக்குதுப்பா.”

“இப்பத்தானே அம்மணி வடிச்சேன்.”

அவன் தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் தட்டில் குழம்பின் எண்ணெய் வெள்ளையாக உறைந்து ஓரத்தில் ஒட்டியிருந்தது. தட்டை மாற்றிக் கொடுத்தான். அவன் கண்ணெதிரே, தட்டு அவள் முன்னால் போய்ச் சேர்வதற்குள் ஆவி கத்தரித்த மாதிரி நின்றுபோனது.

அவள் கையைப் பிடித்துப் பார்த்தான். ஐஸ். கழுத்தைத் தொட்டான். ஸ்வெட்டருக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டான். வயிற்றில்கூடச் சூடு இல்லை.

“குளுருதா கண்ணு?”

“இல்லியே,” என்று சிரித்தாள். அவள் நடுங்கவும் இல்லை. அதுதான் அவனை நடுங்க வைத்தது.

அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீரை பாட்டிலில் ஊற்றித் துண்டில் சுற்றி அவள் வயிற்றில் வைத்தான். எடுத்தபோது பானைத் தண்ணீராக இருந்தது. மறுபடி கொதிக்கவைத்தான். மறுபடி பானைத் தண்ணீர். மண்ணெண்ணெய் வாசமும் விக்ஸ் வாசமும் அறையை நிறைத்தன. கம்பளி, அதன்மேல் போர்வை, அதன்மேல் சூசைமேரியின் பழைய சேலை, தலைக்குக் குரங்குக்குல்லா என்று எல்லாவற்றையும் அவள்மேல் குவித்துவிட்டு, ஆட்டோ கிடைக்குமா என்று தெருமுனைவரை ஓடினான். மழையில் ஒரு ஈ காக்கை இல்லை. திரும்பி வந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து, ஒட்டுச்சுவரில் காதை வைத்திருந்தாள்.

“அப்பா, கேக்குதா? குட்டிங்க.”

அவனுக்கும் கேட்டது. அது கத்தல் இல்லை. வயிறு நிறைந்த பூனை மடியில் படுத்துக்கொண்டு எழுப்புமே, அந்தக் கர்ர்ர் சத்தம். மூன்று தொண்டையிலிருந்து, ஒரே தாளத்தில், சுவருக்கு அந்தப் பக்கம். சுவரில் கை வைத்தான். ஈரம் ஊறிய மார்கழிச் சுவர் வெதுவெதுவென்று இருந்தது.

“சுவத்துகிட்ட போவாத!” என்று அவளை இழுத்தான்.

“ஏனுங்ப்பா? சூடா தூங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

நட்சத்திரத்திலிருந்து பல்பைக் கழற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினான். எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை. பெட்டி காலியாகத்தான் இருந்தது. ஆனால் பஞ்சில் மூன்று குழிகள். மூன்றும் சூடாக இருந்தன. பல்பை ஹோல்டரில் திருகினான். எரிந்தது. அவன் விரலைச் சுட்டது. நன்றாகவே சுட்டது. ‘ஆண்டவரே, நன்றி’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, கதவைக்கூடப் பூட்டாமல் திரும்பி ஓடிவந்து மகளின் கன்னத்தைத் தொட்டான்.

முன்னைவிடச் சில்லென்று இருந்தது.

முருங்கையடிக்கு ஓடினான். டார்ச் வெளிச்சத்தில் மழைத்துளி பட்ட இடமெல்லாம் மண்ணிலிருந்து ஆவி எழுந்தது. வெறுங்கையால் தோண்டினான். நகத்துக்குள் சேறு சூடாக ஏறியது. சட்டை இருந்தது. பொத்தான் போட்டபடி. கைகளில் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டான். மகளைத் தூக்கி மடியில் போட்டு, தன் சட்டையை அவிழ்த்துவிட்டு, வெறும் மார்போடு அணைத்துக்கொண்டான். அவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அவளுக்கு ஒரு பொட்டுச் சூடும் ஏறவில்லை.

“என்னோடதை எடுத்துக்குங்க,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். “தப்புப் பண்ணுனது நானு. எம்புள்ளய வுட்டுருங்க.”

கர்ர்ர் சத்தம் ஒரு கணம் நின்றது. கேட்கிறது என்று நினைத்தான். பிறகு மறுபடி தொடங்கியது. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை.

“யாருகூடப் பேசறீங்கப்பா?”

“கண்ணு... குட்டிங்க செத்துப்போச்சு. ஸ்டாருக்காக நாந்தான் பல்பைக் கழட்டுனேன். குளுருல செத்துப்போச்சுங்க. நாந்தான் கொன்னுபோட்டேன்.”

சொல்லிவிட்டான். சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை.

ஜெனிஷா அவனை விநோதமாகப் பார்த்தாள். “சாகலப்பா. இதா, எங்கால்மாட்டுலதானே படுத்திருக்குதுங்க.”

போர்வையை விலக்கினான். யாரும் இல்லை. கம்பளியில் மட்டும் மூன்று குழிகள். தொட்டான். சுட்டது.

அதன்பிறகு அவன் போர்வையை விலக்கவில்லை. பார்வையை நகர்த்தவும் இல்லை. மகளை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மழை விட்டது. அவள் தூங்கினாள். சத்தம் மட்டும் ஓயவே இல்லை.

விடியலில் பாலக்காட்டு வண்டியின் ஊதல் கேட்டது. ஆஸ்பத்திரி. சூசைமேரி. ஆட்டோ. வரிசையாக யோசிக்கப் பார்த்தான், முடியவில்லை. தூங்குகிற பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டுக் கதவைத் திறந்தான். தெருவே தெரியாமல் பனி இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து பாத்திமுத்து அக்கா ஒரு பையோடு வந்தாள். முக்காட்டுக்குள் முகமெல்லாம் சிரிப்பு.

“பையன் பொறந்திருக்கான் தம்பி!”

“அக்கா... உள்ள போவாதீங்கக்கா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்...”

“இருங்க, எங்குட்டிகளப் பாத்துப்போட்டு வாரேன்.”

பூட்டாத கதவு திறந்தது. அவன் படியிலேயே நின்றான். அழுகுரல் வரும் என்று காத்திருந்தான். வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

அவள் வெளியே வந்தாள். முந்தானையில் மூன்று குட்டிகள். அவன் புதைத்த அதே மூன்று. கொழுகொழுவென்று. கண்களைச் சுருக்கிக்கொண்டு.

“யா அல்லா, என்ன சூடு! தாய் வவுத்துல கெடந்த மாதிரியில்ல வெச்சிருக்கறீங்க. பெத்தவகூட இப்பிடிப் பாத்திருக்கமாட்டா தம்பி. இந்தப் புண்ணியத்துக்கு உங்க புள்ள நல்லா இருப்பா.”

அவனுக்கு வாய் திறந்தது. வெள்ளையாக மூச்சு மட்டும் வந்தது.

அவன் இடுப்பை ஒட்டி யாரோ நகர்ந்து வெளியே வந்தார்கள். ஜெனிஷா. ஸ்வெட்டர் இல்லை. குல்லா இல்லை. ஈரப்படியில் வெறுங்காலோடு நின்று குட்டிகளைப் பார்த்துச் சிரித்தாள். உதடு நீலமாக இருந்தது.

“அடே, எங்கண்ணு முழிச்சுப்போட்டியா? என்ன பனி பாரு,” என்றாள் பாத்திமுத்து. சொல்லும்போது அவள் வாயிலிருந்தும் ஆவி வந்தது.

ஜெனிஷாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மார்கழிக் காலையில் தெருப்பிள்ளைகள் எல்லாரும் செய்வதுதான். இரண்டு விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள், பீடி பிடிக்கிற மாதிரி.

“அப்பா, பாருங்க. நானும் புகை வுடறேன்.”

கன்னம் உப்ப ஊதினாள். ஒன்றும் வரவில்லை.

மறுபடி ஊதினாள். அவன் முகத்துக்கு நேராக. காற்று மட்டும் வந்தது, சில்லென்று.

“வரமாட்டீங்குதுப்பா,” என்றாள். மூச்சை ஆழமாக இழுத்தாள். மூன்றாம் முறை ஊதினாள்.

பாத்திமுத்துவின் முந்தானையில் மூன்று குட்டிகளும் வாயைத் திறந்தன. ஜெனிஷா ஊதி முடிக்கும்வரை, மூன்று வாயிலிருந்தும் வெள்ளையாகப் புகை வந்துகொண்டே இருந்தது.