நட்டின் மேல் சிவப்புக் கோடு

"தானாவே சரியாயிடுச்சுங்க" என்றேன்.

அவர் வேலைச் சட்டையோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார். கையில் என் நெயில் பாலிஷ் குப்பி. "ரெண்டாவது தொட்டி மீட்டர் முள்ளா? மூணு நாளா ஆடின ஆட்டம் என்ன, தானா நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு. அதை விடுங்க. பொண்டாட்டி நகத்துக்கு இல்லாத சிங்காரம் உங்க நட்டுக்கு எதுக்கு? எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

"கடைசிச் சொட்டு உனக்குத்தான்." சிரித்தார். பிறகு குப்பியை மூடிக்கொண்டே சொன்னார். "தானா எதுவும் சரியாகாது. நாளைக்குப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்."

மறுநாள் திறந்தார். திறந்த கையோடு போய்விட்டார்.

இது நடந்து பதினோரு மாதம் ஆகிறது. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவர் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நான் கட்டுப்பாட்டு அறையில் அந்தக் கருவிகள் காட்டும் அளவுகளைப் பார்த்துக்கொண்டிருப்பவள். ஒரு நட்டை முடுக்கினால் நட்டிலிருந்து தகடு வரை என் சிவப்புப் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுவார். நட்டு தளர்ந்தால் கோடு உடைந்துவிடும், தூரத்திலிருந்தே தெரியும். வேலையாட்கள் அவரைக் கூப்பிட்டதே சிவப்புக்கோடு என்றுதான்.

இன்று காலை பதினொரு மணிக்குப் பழைய பம்ப் அறைக்குள் போனேன். அவர் போன பிறகு இதுதான் முதல் முறை. ஜன்னல் வழியாக நல்ல வெயில் விழுந்திருந்தது. அவர் அன்று திறந்த கருவிப் பெட்டிக்கு மின்சாரத்தை நிறுத்தி ஆறு மாதமாகிறது. மதியம் அதைப் பழைய இரும்புக்கு ஏற்றப் போகிறார்கள். அதற்கு முன்னால் விசாரணைக் கோப்பில், அன்று பணியில் இருந்தவள் என்ற முறையில், நான் கையெழுத்துப் போட வேண்டும். இன்ஜினியர் கொடுத்தனுப்பிய தாளில் இரண்டே வரிகள். எர்த் ஒயரை இறந்தவரே கழற்றிவிட்டு மறுபடி பூட்டவில்லை. விபத்துக்குக் காரணம் அவருடைய கவனக்குறைவு.

என் மாமியார் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்பார், என் பிள்ளையா கவனமில்லாதவன் என்று. நான் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போடுவேன்.

எனக்கு முன்பே அண்ணன் வந்திருந்தான். என் கூடப்பிறந்தவன், இங்கே மோட்டார்களைப் பார்க்கும் எலக்ட்ரீஷியன். பெட்டியின் கதவைத் திறந்து வைத்திருந்தான். உள்ளே பச்சை ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. விசாரணைக்காரர்கள் கட்டிய அட்டை இன்னும் அதில் இருந்தது.

அந்த ஒயரைக் கழற்றச் சொன்னது நான்.

அவர் போவதற்கு முந்தின நாள் காலை, தன் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தார். ரெண்டாவது தொட்டியின் முள் ஆடி ஆடி, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அலாரம் கத்தியது. சிக்னல் ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக உறைக்கு ஒரு முனையில்தான் எர்த் இருக்க வேண்டும், யாரோ இரண்டு முனையிலும் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் ஆட்டத்துக்குக் காரணம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு முனையை எடுத்துவிடு என்று அண்ணனிடம் கெஞ்சினேன். அவன் மெல்லிய உறைக் கம்பியை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த தடித்த பச்சை ஒயரை எடுத்துவிட்டான். அது பெட்டியின் இரும்பு உடம்பை மண்ணோடு கட்டியிருந்த ஒயர். எங்கேயாவது மின்சாரம் கசிந்தால் ஆளைத் தொடாமல் மண்ணுக்குப் போக இருந்த ஒரே வழி.

அந்த முனையின் எர்த்தும் அதோடு போனதால், முள் ஆணி அடித்தது போல நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. கருவிப் பெட்டியை நான் தொடக்கூடாது, மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதே என்றான் அண்ணன். நானும் சொல்லவில்லை. அன்று ராத்திரி எங்கேயோ ஒரு மோட்டார் ஒயர் உரசித் தேய்ந்து பெட்டியில் பட்டிருக்கிறது. மறுநாள் அவர் கை வைத்தது அதில்தான்.

"சீக்கிரம் போட்டுடு, பாப்பா" என்று இப்போது தாழ்ந்த குரலில் சொன்னான். "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. போனவர் போயிட்டார். அவர்தான் கழட்டினார்னு எழுதியாச்சு."

பெட்டிக்குள் இருந்த மீட்டரின் முள் ஆடியது.

இருவரும் பார்த்தோம். முள்ளுக்கு வரும் ஒயர்களை நேற்றே வெட்டிவிட்டார்கள். வெட்டிய முனைகள் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. முள் பாதிக்கு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அந்த மூன்று நாள் ஆடிய அதே ஆட்டம்.

அண்ணன் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். விளக்கு எரியவில்லை.

பிறகு வாசனை வந்தது.

நெயில் பாலிஷ் வாசனை. ஈரமாக, மூக்கின் நுனியில் குத்துகிற மாதிரி.

"நீ பூசியிருக்கியா?"

பத்து விரல்களையும் விரித்துக் காட்டினேன். வெறும் நகங்கள். வீட்டிலிருந்த குப்பி காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது, நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. இந்தப் பதினோரு மாதமும் அப்படித்தான்.

அவன் பெட்டிக்குள் திரும்பிப் பார்த்தான். அப்படியே பின்னால் நகர்ந்து சுவரில் முட்டினான்.

தொங்கிக்கொண்டிருந்த ஒயர் தொங்கவில்லை.

அது தன் இடத்தில் பூட்டியிருந்தது. நட்டு இறுகியிருந்தது. அட்டை மட்டும் கீழே கிடந்தது.

நட்டிலிருந்து தகடு வரை ஒரு சிவப்புக் கோடு.

அண்ணன் விரல் நுனியால் தொட்டான். விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. அதைச் சட்டையில் துடைத்தான், போகவில்லை. மறுபடி துடைத்தான். "மாப்பிள்ளை" என்று மட்டும் முனகினான். தரையில் உட்கார்ந்துவிட்டான்.

முள் ஆடிக்கொண்டே இருந்தது.

சுவரில் இருந்த உள்தொலைபேசி மணி அடித்தது. எடுத்தேன். இன்ஜினியர்தான். கையெழுத்து ஆச்சாம்மா, லாரி வந்து நிற்குது என்றார். நான் பேனாவைத் தாளின் மேல் வைத்திருந்தேன். எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

பேனா பிடித்த கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல். நகத்தின் நடுவிலிருந்து தோல் வரை, நேராக, அளந்து இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. இன்னும் காயவில்லை. வெயிலில் பளபளத்தது.

கடைசிச் சொட்டு.

விரலை அசைக்கவில்லை. அசைத்தால் கோடு உடைந்துவிடும். பேனாவை மெல்லக் கீழே நழுவவிட்டேன். அண்ணன் தரையிலிருந்து என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினான். முள் ஆட்டத்தை நிறுத்தியது. இத்தனை மாதமாக நாக்கின் அடியில் கிடந்தது, எந்தச் சிரமமும் இல்லாமல் வெளியே வந்தது.

"சார், அந்தப் பச்சை ஒயரை அவர் கழட்டலை. நான் சொல்லித்தான் என் அண்ணன் கழட்டினான். தயவுசெஞ்சு அவர் மேல இருக்கிற பழியை எடுத்துடுங்க."