மாத்தி மாத்தி

சுவருக்கு எப்போது மஞ்சள் அடித்தாய் என்று கணவர் கேட்டபோது, அவள் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது.

“வெள்ளை அடிக்கவே ஆளக் காணோம், இதுல மஞ்சளா?”

பஸ் ஓட்டி ஓய்ந்தவர். கட்டிலில் கிடந்தபடியே ஊரைக் கிண்டல் செய்வார். இப்போது சிரிக்கவில்லை.

“உன் மூஞ்சியும் மஞ்சளாத்தான் தெரியுது. பல்பைச் சுத்தி வளையம் வேற.”

அவள் தலையை ஆட்டிவிட்டு மாலை மாத்திரையை எடுத்துப் போனாள். அவர் வழக்கம்போல் உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

“இப்ப யாரு டூட்டி? பழசா, புதுசா?”

“புதுசு. முழுங்குங்க.”

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மெஷின் எண்ணெய் வாசனைக்கு அடியில், எத்தனை முறை கழுவியும் போகாத வாந்தியின் புளிப்பு அறையெங்கும் நின்றது. அவள் மீண்டும் மிதித்தாள். மிதிக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. டக். டக். தையல் விட்டுப்போவதுபோல் இடையிடையே ஓர் அடி குறைந்தது. காலை எடுத்தாள். சத்தம் நிற்கவில்லை.

போன் அடித்தது. நர்ஸ் வேலை பார்க்கும் நாத்தனார்.

“அண்ணனுக்கு எப்படி இருக்கு அண்ணி?”

“சோறு இறங்கல. மருந்து மட்டும் விடாம குடுக்கறேன். டாக்டர் சொன்ன மாதிரி மாத்தி மாத்தி. காலைல பழசு, சாயங்காலம் புதுசு.”

மறுமுனையில் நாத்தனாரின் குரல் உயர்ந்தது.

“மாத்திக் குடுங்கன்னுதானே அண்ணி சொன்னாரு. பழசை நிறுத்திட்டுப் புதுசு. பழசு உடம்பை விட்டு வெளிய போறதைப் புதுசு தடுத்துடும். ரெண்டும் இதயத்துக்குப் பலம்தான். சேர்ந்தா விஷம், கண்ணுக்கு எல்லாமே மஞ்சளாத் தெரியும். ஆம்புலன்ஸ் அனுப்பறேன், நாடியைப் பிடிச்சுப் பாருங்க.”

அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு துடிப்பு. நெடுநேரம் ஒன்றுமில்லை. இன்னொன்று.

“என்னங்க.”

தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“என்னங்க, என்னைப் பாருங்க.”

அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இமை அசையவில்லை.

விரிந்து கிடந்த அவர் விரல்களை அவள் ஒவ்வொன்றாக மடக்கினாள். கையை அவர் மார்பின் மேல் வைத்து, அதன்மேல் முகம் புதைத்து அழுதாள். டாக்டர் சொன்னது ஒரு ‘மாத்தி’. அவள் கேட்டது இரண்டு.

பின்னால் மெஷின் மிதி அசைந்தது.

டக்.

அவள் நிமிர்ந்தாள். சுவர் மஞ்சள். தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணி மஞ்சள். பல்பைச் சுற்றி வளையம்.

டக்.

கன்னத்துக்கு அடியில் விரல்கள் நகர்ந்தன. சில்லிட்டுப்போன அந்தக் கை மெல்ல விரிந்து, உள்ளங்கை மேலே தெரிய, அவள் முன்னால் நீண்டது.