சத்து மாத்திரை

காலையில் எழுந்தாள். வாசல் கதவைத் திறந்தாள். பால் பாக்கெட்டைக் கழுவி, காய்ச்சி, மாமியாருக்கும் கணவனுக்கும் டீ போட்டாள். அவளுடைய டம்ளர் தனி அலமாரியில், தட்டோடு கவிழ்ந்திருக்கும். அவள் கல்லீரலில் கிருமி என்று தெரிந்த நாளிலிருந்து மாமியார் செய்த ஏற்பாடு அது. தட்டு, டம்ளரில் பரவாது என்று டாக்டர் சொல்லியும் மாறவில்லை.

பிறகு மாமியாருக்கு ஒரு மாத்திரை.

"என்னடி இது, தினம் தினம்?"

"சத்து மாத்திரை அத்தை. வயசாகுதுல்ல."

"எனக்கு வெறும் சத்து. மகாராணிக்குத்தான் விலை ஒசந்த வைத்தியம்! அச்சாபீசுல என் புள்ள சம்பாதிக்கிறது பூரா உன் ஈரலுக்கே போகுது..."

அவள் இன்னொரு டம்ளரில் டீ ஊற்றி வாசற்படியில் வைத்தாள்.

"அது யாருக்கு?"

"வெளியில நிக்கிறாங்களே... உள்ள கூப்பிடுங்க அத்தை."

வாசலில் வெயில் மட்டும் கிடந்தது. மாமியார் திரும்பினாள். மருமகளின் கண்ணில் வெள்ளையே இல்லை. மஞ்சள். நீட்டிய கை, மணிக்கட்டிலிருந்து தானாகத் துவண்டு துவண்டு விழுந்தது.

"டேய், ஓடி வாடா! இவ இவளா இல்லடா!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது ஒன்றுதான். "மாத்திரையை எப்ப நிறுத்துனாங்க?"

"நிறுத்தலையே சார். மாசா மாசம் காசு குடுக்கிறேனே..." என்றான் கணவன்.

"ரெண்டு பேருக்குமா?"

"யாரு ரெண்டு பேரு?"

டாக்டர் நிமிர்ந்தார். "வீட்டுல எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பாத்தோமே, அதுல உங்க அம்மாவுக்கும் இதே கிருமிதான். அவங்களுக்கு ஈரல் ஏற்கெனவே கெட ஆரம்பிச்சிருந்துச்சு. ரிசல்ட்டை உங்க மனைவி வாங்கிட்டுப் போனாங்க. ரெண்டு பேரும் ஆயுசுக்கும் மாத்திரை போடணும், நடுவுல நிறுத்துனா ஈரல் ஒரேயடியா கெட்டுடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

மாமியார் மெல்லக் கைப்பையைத் திறந்தாள். சத்து மாத்திரை அட்டையை நீட்டினாள். டாக்டர் திருப்பிப் பார்த்தார்.

"இதேதாம்மா."

ஒரு சம்பளத்தில் ஓர் ஆளுக்குத்தான் வாங்க முடியும். அவள் ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

கட்டிலருகே மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டி சொல்லல? அந்தப் பேச்சு பேசினேனே... ஒரு தடவை வாயைத் திறந்திருக்கக் கூடாதா, பாவி!"

அந்த மஞ்சள் கண்கள் கொஞ்ச நேரம் தெளிந்தன. "சொன்னா உங்க தட்டையும் தனியா வச்சிருப்பீங்க... அலமாரில இடமில்ல அத்தை."

மாமியார் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. மருமகளை வாரி மார்போடு அணைத்தாள். அவள் குடித்து மீதி வைத்த தண்ணீரை, அதே டம்ளரில், வாய் வைத்துக் குடித்தாள்.

"என் கண்ணு... என் மாத்திரையை நீ போட்டுக்கடி. எல்லாத்தையும் நீயே போட்டுக்க..."

அதற்கான நேரம் போய்விட்டது என்பதை டாக்டர் கணவனிடம் தனியாகச் சொன்னார்.

சொந்தக்காரர்கள் இப்போது ஆளுக்கொரு கடைசி வார்த்தை சொல்கிறார்கள். அத்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம். எல்லோரையும் மன்னித்தேன் என்றாளாம். அப்படியெல்லாம் இல்லை.

அப்போது நடுப்பகல். விளக்கு எதுவும் எரியவில்லை. ஒரு கையை மாமியார் பிடித்திருந்தாள், மறு கையைக் கணவன். அவள் இருவரையும் தாண்டி எங்கோ பார்த்தாள். வீட்டில் எப்போதும் பேசும் அதே குரலில் சொன்னாள்:

"அந்த லைட்டை அணைச்சிடுங்களேன்... யாருமில்லாத ரூம்ல எதுக்கு எரியணும்?"