பதினேழாவது தப்பு

ஜன்னலில் நின்றவனுக்கு ஒரு கையில்தான் கையுறை இருந்தது.

"பதினேழாவது தப்பு," என்றான் கார்வின், படச்சுருளைப் பின்னுக்கு ஓட்டியபடி. "போன காட்சியில குதிரையிலேர்ந்து விழுந்து செத்தவன் இங்க சாராயக்கடை ஜன்னல்ல நிக்கறான். காட்சிக்குக் காட்சி எல்லாம் ஒத்துப்போகுதான்னு பாக்கறதுதானே மேடம் உங்க உத்தியோகம்? தூங்கிட்டீங்களா?"

லோன் பைன் ஊரின் ஆகஸ்ட் மதியம். திரைச்சீலை மூடிய தன் வீட்டுக் கூடத்தில் புரொஜெக்டரின் சூடான எண்ணெய் வாசம் வெர்னாவின் தொண்டையில் ஒட்டியது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய கௌபாய் படத்தில் விமானப் புகையும் டயர் தடமும் தேடி, தப்புகளைத் தொகுத்துப் புத்தகம் போட வந்திருக்கிறான். அந்தப் பாலையில் ஒரு நாள் நின்றிருப்பானா? பிறர் இலையில் கல் பொறுக்குகிறவன்.

ஆனால் அந்தக் கை.

படத்தைக் கதை வரிசையில் எடுப்பதில்லை. விழும் காட்சி படப்பிடிப்பின் ஒன்பதாம் நாள். ஜன்னல் காட்சி பதினான்காம் நாள். விழுவதற்கென்றே சம்பளம் வாங்கிய அவள் கணவன் டெல், ஒன்பதாம் நாளே நிஜமாகச் செத்துவிட்டான்.

அன்று காலை சேணத்தின் வயிற்றுவாரை அவன் நாலாம் துளைக்கு இறுக்கியிருந்தான். முந்தைய நாள் அவள் எடுத்த புகைப்படத்தில் மூன்றாம் துளை.

"மூணுக்கே மாத்து."

"யாரு பாக்கப் போறா, கண்கொத்திப் பாம்பே?"

"நான் பாப்பேன்."

மூன்றாம் துளைக்குத் தளர்த்தினான். ஓட்டத்தில் சேணம் புரண்டது. கழன்று விழுந்த ஒரு கையுறை கிடைக்கவேயில்லை, மற்றதோடு அவனைப் புதைத்தார்கள். மூன்றாம் துளையைப் பற்றி அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னொரு தடவை போடு, தம்பி."

இம்முறை அவன் ஜன்னலில் இல்லை. தெருவுக்கு இறங்கியிருந்தான். குனிந்த தொப்பி. இழுபடும் ஒரு கால்.

"இதை எப்படி விட்டேன்? பதினெட்டு." கார்வின் குறித்துக்கொண்டான்.

"போதும். நிறுத்து."

"வலிக்குதா மேடம்? ஊரே பாத்துச் சிரிக்கப்போகுது." மறுபடி ஓட்டினான்.

ஜன்னல் காலி. தெரு காலி. குதிரை மட்டும் நின்றது, வார் தொங்க.

"சே, ரெண்டு தப்பும் காணோம்," என்று சலித்துக்கொண்டு பட்டியலில் அடித்தான். "நீங்க பொழைச்சீங்க."

சுருள் தீர்ந்து நாடாவின் வால் படபடத்தது. சுவரில் வெறும் வெள்ளை. சமையலறைப் பக்கம் சவாரிப் பூட்ஸின் குதிமுள் சிணுங்கியது. ஒரு அடி. ஒரு இழுப்பு. மீண்டும் ஒரு அடி. குதிரை வியர்வை நாறியது. கார்வின் புரொஜெக்டருக்குப் பின்னால், தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான்.

வெளிச்சத்தின் முன் அமர்ந்திருந்தது அவள் ஒருத்திதான். சுவரில் அவள் நிழல் விழுந்திருந்தது.

அதன் தோளருகே, தொப்பியோடு இன்னொன்று.

அது கையைத் தூக்கியது.

மூன்று விரல்.